உப்பு ஏன் கறுப்பாகவே நிற்கிறது? படிகப் படங்களில் நிறம் நிஜமா, பூச்சா?

ஜனவரி 4, இழையைத் தொடங்கியவர்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நுண்ணோக்கியில் எடுத்த படிகப் படங்கள் என்று வண்ண வண்ணமாகப் போடுகிறார்களே, அதெல்லாம் கணினியில் பூசியது என்பது என் கட்சி. உப்பைக் கரைத்து ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்துப் பார்த்தேன். நிறமே இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. போலரைசர் (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் தாள்) போட்டால்தான் நிறம் வரும் என்றார்கள். இரண்டு தாள் வாங்கி, ஸ்லைடுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று வைத்துத் திருப்பினேன். இருந்த கட்டமும் போய் மொத்தமும் இருட்டு. மூன்று மாலை வீண். பூசாமல் எடுத்த படம் ஒன்று காட்டுங்கள், நம்புகிறேன்.

ஜனவரி 4, இரவு, பதில் எழுதுபவர்

பூச்சு இல்லை. எட்டு வருடமாக எடுக்கிறேன், ஒரு படத்திலும் ஒரு துளி நிறம் நான் சேர்த்ததில்லை.

உங்கள் போலரைசரும் சரி, நுண்ணோக்கியும் சரி. படமெடுக்க நீங்கள் தேர்ந்தெடுத்த ஆள்தான், அதாவது உப்புதான், சரியில்லை. உப்புப் படிகம் கனசதுர வகை. எந்தத் திசையில் நுழைந்தாலும் ஒளிக்கு அதில் ஒரே வேகம். அதனால் குறுக்காக வைத்த இரண்டு போலரைசருக்கு நடுவே உப்பு இருப்பதும் வெறும் கண்ணாடி இருப்பதும் ஒன்றுதான். உப்பு கறுப்பாகத் தெரிந்தது என்றால் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வைட்டமின் சி, சிட்ரிக் அமிலம், யூரியா, எப்சம் உப்பு, படிகாரம். இவற்றில் கையில் இருப்பதை எடுங்கள். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டை ஸ்லைடின் விளிம்பால் இழுத்து மெல்லிய பூச்சாக்கிக் காயவிடுங்கள். முதலில் 4 மடங்கு ஆப்ஜெக்டிவ் (ஸ்லைடுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ்). 40 மடங்குக்குத் தாவ வேண்டாம்.

ஜனவரி 5

படிகாரம் என்று எழுதிவிட்டேன். தப்பு. அதுவும் கனசதுரம், அதுவும் கறுப்பு. எண்முகமாகக் கூர் கூராக அழகாய் வளரும்; அந்த அழகை நினைத்துக்கொண்டே கை எழுதிவிட்டது. அடித்துவிடுங்கள். மற்ற நான்கும் சரி.

ஜனவரி 6

"அப்படியானால் நிறம் எங்கிருந்து வருகிறது, யூரியா வெள்ளைத்தூள்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நிறம் யூரியாவுடையது இல்லை. தடிமனுடையது. கீழேயுள்ள போலரைசர் ஒளியை ஒரே தளத்தில் அதிரவைத்து அனுப்புகிறது (பள்ளிப் பாடத்தில் தளவிளைவு என்று படித்தது இதுதான்). அந்த ஒளி படிகத்துக்குள் போனதும் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் நடக்கிறது. வெளியே வரும்போது ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருக்கும். மேலேயுள்ள போலரைசரில் இரண்டும் மறுபடி கைகோக்கும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, மிச்சம் இருப்பது நம் கண்ணுக்கு வருகிறது. எவ்வளவு பின்தங்கியது என்பதைப் பொறுத்து நிறம். எவ்வளவு பின்தங்கும் என்பது படிகத்தின் குணத்தையும், அது எவ்வளவு தடிமனாக இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறது என்பதையும் பொறுத்தது.

கணக்காகவே சொல்கிறேன். பின்தங்கல் சுமார் 550 நானோமீட்டர் ஆகும்போது ஒரு கருஞ்சிவப்பு வரும். யூரியாவில் இரண்டு ஒளிவிலகல் எண்களுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.12. தடிமனை இந்த வித்தியாசத்தால் பெருக்கினால் பின்தங்கல். ஆகவே 5 மைக்ரானுக்கும் சற்றுக் குறைவான தடிமனிலேயே அந்தச் சிவப்பு வந்துவிடும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குவார்ட்ஸில் அந்த வித்தியாசம் 0.009 மட்டும். பாறை ஆய்வுக்காகச் செதுக்கும் 30 மைக்ரான் சீவலில்கூட அது சாம்பலும் வெள்ளையுமாகத்தான் நிற்கும். எந்தத் தடிமனுக்கு எந்த நிறம் என்று 1888-லேயே பிரெஞ்சுக்காரர் மிஷேல்-லெவி ஒரு வண்ணப் பட்டையாகப் போட்டுவிட்டார். கறுப்பில் தொடங்கி, சாம்பல், வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு என்று போகும். போகப்போக வெளுத்து, வெளிர் ரோஜாவும் வெளிர் பச்சையுமாகி, கடைசியில் ஒருவித அழுக்கு வெள்ளை.

இதை எழுதக் காரணம், புதிதாக வருபவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்த அழுக்கு வெள்ளையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கரைசலைக் கெட்டியாகக் கலக்கி, தாராளமாக ஊற்றி, காய்ந்ததும் பார்த்தால் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருக்கும். நிறம் வேண்டுமா, கஞ்சத்தனம் வேண்டும்.

ஜனவரி 6, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதிலிருந்து ஒன்று தானாகக் கிடைக்கிறது. ஒரு படிகத்தின் நடுவில் நீலம், விளிம்புக்குப் போகப்போகச் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, சாம்பல் என்று வரிசையாக இருந்தால் அது விளிம்பை நோக்கிச் சரிந்து மெலிகிறது. நிறக்கோடுகளை மலை வரைபடத்தின் உயரக் கோடுகள் மாதிரி படிக்கலாம். படம் பூசியதா என்று சந்தேகம் வந்தால் நான் பார்ப்பது இதைத்தான். பூசுகிறவருக்கு இந்த வரிசை தெரியாது. வெள்ளையை ஒட்டிய முதல் மஞ்சளுக்கு அடுத்து, நடுவில் சிவப்பும் நீலமும் இல்லாமல், நேராகப் பச்சையை வைத்துவிடுவார்.

ஜனவரி 11

இழையைத் தொடங்கியவர் வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துக் கரைத்தாராம். "நிறம் இல்லை, ஆனால் ஆயிரக்கணக்கான குட்டிச் சிலுவைகள் மின்னுகின்றன, இது என்ன படிகம்?"

படிகம் இல்லை ஐயா, மாவு. மாத்திரையைக் கட்டியாக்கச் சேர்க்கும் ஸ்டார்ச். அதன் ஒவ்வொரு மணியும் போலரைசருக்கு நடுவே வெளிச்சமாகி, நடுவில் கறுப்புச் சிலுவை காட்டும். சிரிக்கவில்லை, ஏனென்றால் இதே சிலுவைகளை நானும் பெருமையாகப் படமெடுத்து "வைட்டமின் சி-யின் கருப்படிகங்கள்" என்று தலைப்பு வைத்து நாலு மாதம் சுவரில் மாட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்த ஒரு தாவரவியல் ஆசிரியை டீயை வைத்துவிட்டு, "உருளைக்கிழங்கு மாதிரி இருக்கே" என்றார்.

தூய தூள் வாங்குங்கள். இல்லாவிட்டால் மாத்திரைக் கரைசலை வடிதாளில் வடித்து, தெளிந்த நீரை மட்டும் எடுங்கள்.

ஜனவரி 12

தூய வைட்டமின் சி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்ததே அதில்தான்.

தண்ணீரோடு பாதி ஆல்கஹால் சேர்த்தால் சீக்கிரம் காயும். காய்ந்ததும் உடனே ஒன்றும் தெரியாது. ஸ்லைடில் வார்னிஷ் அடித்த மாதிரி ஒட்டும் ஒரு தெளிவான படலம் இருக்கும், போலரைசரில் வெறும் இருட்டு. அரை மணி நேரம் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். பொறுமை இல்லாதவர்கள் ஊசி முனையால் ஓரத்தில் ஒரு கீறல் போடுவார்கள், அங்கே ஆரம்பித்துவிடும். நான் கீறுவதில்லை. எங்கே பிறக்கிறது என்று பார்ப்பதுதான் பாதி சுகம்.

சென்ற மாதம் இரவு பத்தரை மணிக்கு ஒரு ஸ்லைடு வைத்தேன். பதினொன்றே காலுக்கு இடது மூலையில் ஒரு புள்ளி. சாம்பல் நிறம். கண் தூசியோ என்று கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அது வட்டமாகியிருந்தது. நடுவிலிருந்து நாலாபுறமும் நார் நாராக ஓடும் வட்டம். நார்களில் போலரைசரின் திசைக்கு நேராக இருப்பவை ஒளியை விடாது, அதனால் வட்டத்தின் நடுவே கறுப்புச் சிலுவை. ஸ்லைடைச் சுழற்றினாலும் சிலுவை சுழலாது. வட்டம் சுழல்கிறது, சிலுவை நின்ற இடத்திலேயே நிற்கிறது. தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒருதரம் சுழற்றிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அப்புறம் வளையங்கள் வந்தன. குளத்தில் கல் போட்ட மாதிரி ஒன்றைச் சுற்றி ஒன்று. வளர்ச்சி முனை சீராக ஊர்வதில்லை. தன் பக்கத்தில் இருப்பதைத் தின்று தீர்த்து, கொஞ்சம் தயங்கி, மறுபடி நகர்கிறது. அந்தத் தயக்கம் தடிமனில் மேடும் பள்ளமுமாகிறது, மேடு ஒரு நிறம், பள்ளம் ஒரு நிறம். பன்னிரண்டு மணிக்குள் வலது பக்கத்திலிருந்து இன்னொரு வட்டம் வந்துவிட்டது. இரண்டும் நெருங்க நெருங்க நான் ஷட்டரில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முட்டிய இடத்தில் ஒரு நேர்கோடு விழுந்தது, வயல் வரப்பு மாதிரி. முன்னால் தொடங்கியது பெரியதாக இருந்ததால் கோடு சற்று வளைந்து சின்னதன் பக்கம் கவிந்தது. அதற்குமேல் இரண்டும் வளரவில்லை.

நல்ல படம் அந்த வரப்பில் கிடைத்தது. அதற்கு முன் எடுத்த தொண்ணூறும் சும்மா.

ஜனவரி 12, பின்குறிப்பு

"நேர்கோடு… சற்று வளைந்து" என்று ஒரே மூச்சில் இரண்டும் எழுதியிருக்கிறேன் என்று ஒருவர் பிடித்துவிட்டார். ஒப்புக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் பிறந்து ஒரே வேகத்தில் வளர்ந்தால் நேர்கோடு. பிறந்த நேரம் வேறானால் வளைவு. என்னுடையது வளைவு. பார்த்த மாத்திரத்தில் நேராகத் தோன்றியது.

ஜனவரி 15

உருக்கி எடுக்கும் முறை பற்றிக் கேட்டவருக்கு. சிட்ரிக் அமிலத் துகள் நாலைந்தை ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பால் (மெல்லிய கண்ணாடித் துண்டு) மூடி, தட்டு அடுப்பில் மெதுவாகச் சூடாக்கினால் 153 டிகிரியில் உருகி, கவர் ஸ்லிப்புக்கு அடியில் தானே பரவும். கவர் ஸ்லிப் அழுத்துவதால் படலம் மெலிசாகக் கிடைக்கும். ஆறும்போது விசிறி விசிறியாக விரியும். சில நேரம் ஆறியும் கண்ணாடி மாதிரியே கிடக்கும், மறுநாள்தான் முளைக்கும்.

175-ஐத் தாண்டினால் சிதைய ஆரம்பிக்கும், பழுப்பாகும். ஒருமுறை போன் வந்தது, பேசிவிட்டு வந்தால் ஸ்லைடில் கருகிய வெல்லம். அவசரத்தில் அதையே நுண்ணோக்கிக்கு அடியில் சூடாக வைத்தேன். ஆவி போய் 10 மடங்கு ஆப்ஜெக்டிவில் படிந்துவிட்டது. இரண்டு வாரம் எல்லாப் படமும் மூடுபனியில் எடுத்த மாதிரி. ஃபோகஸ் சரியில்லை, கேமரா சரியில்லை, கண் சரியில்லை என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட பிறகுதான் லென்ஸைத் திருப்பிப் பார்த்தேன்.

வைட்டமின் சி-யை உருக்காதீர்கள். அது உருகும்போதே சிதையும். யூரியா 133-ல் உருகும், அதற்குமேல் விட்டால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். என்னவென்று தெரியாத மாத்திரையை, உரத்தை, சுத்தம் செய்யும் திரவத்தைச் சூடாக்கவே கூடாது. அம்மோனியம் நைட்ரேட் உள்ள எதையும் அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சமையல் பாத்திரம் தனி, இந்தப் பாத்திரம் தனி. இதில் விளையாட்டு வேண்டாம்.

ஜனவரி 15

சூடாக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டுங்கள். இதை மேலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஜனவரி 20

நாய் மூத்திரக் கதை தெரியுமா? போலரைசர் வாங்கியவர்கள் எல்லாரும் ஒருதரம் கேட்க வேண்டியது.

1852, இங்கிலாந்தின் பிரிஸ்டல். ஹெராபத் என்று ஒரு மருத்துவர். அவருடைய மாணவர், குயினைன் கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடினை விட்டிருக்கிறார். பச்சையாகப் பளபளக்கும் படிகங்கள் வந்தன. ஹெராபத் நுண்ணோக்கியில் பார்த்தபோது, படிகங்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்த இடங்களில் சிலது வெளிச்சமாக, சிலது கறுப்பாக இருந்தது. படிகமே போலரைசராக வேலை செய்தது! அதைப் பெரிதாக வளர்த்துத் தகடாக்கப் பாடுபட்டார். உடைந்து உடைந்து போயிற்று. எழுபது எண்பது வருடம் கழித்து எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கர் அதைத் தலைகீழாக யோசித்தார். பெரிதாக வளர்ப்பதை விட்டுவிட்டு, கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கி, எல்லா ஊசியும் ஒரே திசையில் படுக்கும்படி படலத்தில் பதித்தார். 1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போலராய்டு தாள் அங்கிருந்து வந்தது. இப்போது வருவது வேறு வகை, இழுத்து நீட்டிய பிளாஸ்டிக்கில் அயோடின் ஏற்றியது. அதுவும் அவர் வேலைதான்.

படிகத்தைப் படமெடுக்க நாம் வைக்கும் தாளே, யாரோ நுண்ணோக்கியில் படிகம் பார்த்ததால் பிறந்தது. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். என் மனைவிக்கு இல்லை, அவளுக்கு அந்த முதல் வார்த்தையிலேயே போதும் என்றாகிவிட்டது.

ஜனவரி 21

ஒருவருக்குப் பின்புலம் கறுப்பே ஆகவில்லையாம், எவ்வளவு திருப்பினாலும் நீலத்துக்கும் பழுப்புக்கும் போய்வருகிறதாம். கேமராவுக்கு விற்கும் வட்ட போலரைசர் ஃபில்டர்தானே வைத்திருக்கிறீர்கள்? அதில் பின்னால் இன்னொரு படலம் ஒட்டியிருக்கும். இரண்டு ஃபில்டரின் முன்பக்கமும் ஸ்லைடைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அதாவது கீழே உள்ளதன் முகம் மேலே, மேலே உள்ளதன் முகம் கீழே.

நுண்ணோக்கி இல்லாதவர்களுக்கு: எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவையுங்கள், அதிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே தளவிளைவு பெற்றது. அதன் முன் ஸ்லைடு, அதன் முன் ஒரு போலரைசர், அதன் முன் மேக்ரோ லென்ஸ் மாட்டிய போன். ஸ்லைடுக்குப் பதில் பிளாஸ்டிக் மூடி வைக்காதீர்கள். பிளாஸ்டிக்கிலேயே இழுவிசை இருக்கும், அதன் வானவில்தான் படத்தில் வரும். (முதலில் அதையே வைத்து ஆசை தீர எடுத்துக்கொள்வதிலும் தப்பில்லை.)

ஜனவரி 28

இந்தத் துறையில் பேர்போன கலவை ஒன்று உண்டு: பீட்டா-அலனைனும் எல்-குளூட்டமைனும் கலந்து, தண்ணீரும் ஆல்கஹாலும் விட்டுக் கரைத்துக் காயவைப்பது. இறகு, அலை, நிலக்காட்சி என்று ஓவியம் மாதிரியே வரும். இரண்டுமே உடற்பயிற்சி செய்பவர்கள் வாங்கும் தூள்கள். "எல்லாரும் எடுக்கிறார்கள், எல்லாம் ஒரே மாதிரி, இதில் என்ன கலை" என்று முன்பு வேறோரிடத்தில் ஏளனமாக எழுதியிருக்கிறேன். போன வாரம் மழைக்கு வெளியே போக முடியாமல் அதையே கலக்கிப் பார்த்தேன்.

வாயை மூடிக்கொண்டேன். தனித்தனியாக இரண்டும் சுமார்தான். சேர்ந்தால் ஒன்றின் வழியில் மற்றது குறுக்கே நின்று, நேராகப் போக விடாமல் வளைக்கிறது. விகிதத்தைக் கொஞ்சம் மாற்றினாலே வேறு கதை. ஒரே மாதிரி இருந்தது அவர்கள் எடுத்த படங்கள் இல்லை, நான் பார்த்த பார்வை.

பிப்ரவரி 3

சரி, ஜனவரி 4-க்குத் திரும்ப வேண்டும். "ஒரு துளி நிறம் நான் சேர்த்ததில்லை" என்று எழுதினேன். அன்றிலிருந்து அது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. ஏனென்றால் என் படங்களில் பாதிக்கு மேல் டேப் இருக்கிறது.

பெட்டி ஒட்டும் ஒளிபுகும் டேப். அதை ஒரு கண்ணாடியில் ஒட்டி, கீழ்ப் போலரைசருக்கும் ஸ்லைடுக்கும் நடுவே செருகினால், படிகம் எதுவும் இல்லாத இடத்திலேயே ஒரு நிறம் வந்துவிடும். டேப் தயாரிக்கும்போது இழுக்கிறார்கள் இல்லையா, அதனால் அதுவும் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். அதன் பின்தங்கல் படிகத்தின் பின்தங்கலோடு கூடும் அல்லது கழியும். சாம்பலாகச் செத்துக் கிடந்த மெல்லிய படிகம் திடீரென்று நீலமும் ஆரஞ்சுமாக எழுந்து நிற்கும். ஆய்வகத்தில் இதற்கென்றே அளந்து செய்த தகடு உண்டு, நான் வைப்பது ஏழையின் தகடு. ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, சுழற்றி, பிடித்த நிறம் வரும்வரை பார்ப்பேன்.

அப்படியானால் அந்த நீலம் யாருடையது? தூரிகையால் பூசவில்லை, கணினி தொடவில்லை. ஆனால் நான் தேர்ந்தெடுத்த நிறம்தானே? டேப்பைச் சேர்க்காமல் அந்தப் படிகம் சாம்பல்தான். இரண்டு நாள் யோசித்தும் ஒரு பக்கமாக நிற்க முடியவில்லை. பனிப்படிகங்களை 1885-லிருந்து படமெடுத்த பென்ட்லியின் கதை நினைவுக்கு வந்தது. வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளைப் படிகம் எடுபடாது என்று, நெகட்டிவின் நகலில் படிகத்தைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்துப் பின்புலத்தைக் கறுப்பாக்கினார். அந்தக் காலத்திலேயே அதற்குக் கண்டனம் வந்தது. ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தவர், ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைச் சொல்ல வருகிறது.

தூசிப் புள்ளிகளையும் அழிக்கிறேன். பல ஃபோகஸில் எடுத்து ஒன்றாக்குகிறேன், 10 மடங்கில் ஒரே நேரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 9 மைக்ரான்தான், வேறு வழியில்லை. இனிமேல் படத்தோடு "டேப் இரண்டு அடுக்கு" என்று எழுதப்போகிறேன். இழையைத் தொடங்கியவர் கேட்டது பூசாத படம். டேப் இல்லாத ஒன்றைத் தேடி நாளை போடுகிறேன்.

பிப்ரவரி 4

தேடினேன். இருக்கிறது, பதினோரு படம். எட்டு வருடத்தில் பதினொன்று. மேலே போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 4, இரவு

டேப் வைத்தும் ஒன்றும் மாறவில்லை என்பவர்களுக்கு: போலரைசரின் திசைக்கு இணையாக ஒட்டினால் டேப் இருப்பதே தெரியாது. 45 டிகிரி சாய்த்து வையுங்கள். மறுபக்கம் 45 சாய்த்தால் கூட்டல் கழித்தலாகி நிறம் மாறும். எழுதினால் பதியும் அந்த மங்கல் டேப்பில் எனக்கு ஒன்றும் வந்ததில்லை, பளபளப்பானதில்தான் வருகிறது.

பிப்ரவரி 17

ஒரு துக்கச் செய்தி. ஜனவரி 12-ல் சொன்ன அந்த வரப்பு ஸ்லைடை நல்ல கேமராவில் மறுபடி எடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். வட்டங்கள் இருக்கின்றன, ஆனால் மஞ்சள் பாய்ந்து, விளிம்புகள் கரைந்து, வரப்பு இருந்த இடத்தில் ஈரக் கசிவு மாதிரி ஒரு தடம். வைட்டமின் சி காற்றுப் பட்டால் மெதுவாகக் கெடும் என்று தெரியும், இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. பக்கத்திலிருந்த யூரியா ஸ்லைடு இன்னும் மோசம், காற்றின் ஈரத்தைக் குடித்துச் சொட்டாகி, மறுபடி காய்ந்து, முற்றிலும் வேறு படிகமாக நிற்கிறது. யாரோ வீடு மாற்றிக் குடிவந்த மாதிரி.

சிட்ரிக் அமிலத்திலும் இந்தக் குடிமாற்றம் உண்டு. தண்ணீர்க் கரைசலிலிருந்து சுமார் 36 டிகிரிக்குக் கீழே வளர்ந்தால் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு ஒரு படிகம், அதற்கு மேலே வளர்ந்தால் தண்ணீர் இல்லாமல் வேறு படிகம். ஒரே பாட்டில், ஒரே தூள். அறை சூடாக இருந்த நாளின் படமும் குளிர்ந்த நாளின் படமும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று குறிப்பேட்டைப் புரட்டிக் குழம்பியிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் அறை வெப்பநிலையை எழுதுகிறேன்.

கவர் ஸ்லிப்பின் நாலு ஓரத்திலும் நகப்பூச்சு அடித்து அடைத்தால் கொஞ்ச காலம் தாங்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவும் உதவும். கொஞ்ச காலம்தான்.

பிப்ரவரி 18

நகப்பூச்சு கவர் ஸ்லிப் இல்லாத ஸ்லைடில் நேராக அடிக்கக் கூடாதா என்றால், அடித்தேன். படிகத்துக்குள் ஊறி, நிலக்காட்சி சாந்துப்பொட்டு ஆயிற்று.

மார்ச் 2

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்திருக்கிறார், சிட்ரிக் அமிலத்தோடு இல்லை, உப்போடு! "நிறம் வருவதையெல்லாம் நீங்கள் எடுங்கள், என் உப்பு ஏன் தலைகுனிய வேண்டும்" என்று கேட்டு ஒரு படம் போட்டிருக்கிறார். போலரைசர் இரண்டையும் எடுத்துவிட்டு, விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, கீழே பாதியைக் கறுப்புத்தாளால் மறைத்து எடுத்தாராம்.

நான் இந்த எட்டு வருடத்தில் உப்பைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. முதல் நாளே "ஆள் சரியில்லை" என்று தீர்ப்பு சொன்னவன் நான்தான். அந்தப் படத்தில் சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் சதுரம் என்று படிக்கட்டாக உள்ளே இறங்குகிறது, தண்ணீர் வற்றிய குளம் மாதிரி. வேகமாக வளரும்போது விளிம்புகளுக்கும் மூலைகளுக்கும் தீனி அதிகம் கிடைக்கும், முகத்தின் நடு பட்டினி கிடக்கும். விளிம்பு முந்திக்கொண்டு போக நடு குழியாக நின்றுவிடும். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் சாய்ந்த ஒளி ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது. நிறம் ஒன்றுகூட இல்லை, தேவையும் இல்லை.

நேற்றிரவு நானும் வைத்துப் பார்த்தேன். மெதுவாகக் காயவிட்டால் வெறும் கட்டி. சின்னச் சொட்டு, இதமான சூடு, வேகமான காய்ச்சல் என்றால்தான் படிக்கட்டு வருகிறது, அதுவும் பத்தில் இரண்டில். அவருடைய அளவுக்கு ஒன்றுகூட வரவில்லை.

மார்ச் 2, இரவு

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலது கீழ் மூலையில் மூன்றாவது படிக்கு அடியில் ஒரு நீள்சதுரப் பொந்து, அதற்குள் வட்டமாக ஒரு குமிழி மாதிரி தெரிகிறதே. வளரும்போது உள்ளே மாட்டிக்கொண்ட உப்புநீராக இருக்கலாம். ஸ்லைடு இன்னும் இருக்கிறதா? லேசாகச் சாய்த்துப் பாருங்கள், குமிழி நகர்கிறதா?

என்ன சூட்டில் காயவைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.